பழுப்புத் தண்ணீரும் என் கையெழுத்தும்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று வாரம் நான் தண்ணீரைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

கழுவெளி ஏரித் தண்ணீர், கிளியனூர்க் கிணற்றுத் தண்ணீர், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய உப்பங்கழித் தண்ணீர் என எதை எடுத்து ஒளிர்வை அளக்கும் கருவிக்குள் வைத்தாலும், வரைபடத்தில் ஒரே இடத்தில் ஊசி போல ஒரு முகடு எழும்பியது. இலை தழை அழுகித் தண்ணீரில் கரையும் இந்த வட்டாரத்து மட்கு அத்தனையிலும் பொதுவாக ஏதோ ஓர் அமைப்பு இருக்கிறது, உலகத்திலேயே அதை முதலில் பார்ப்பவன் நான்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்கு ஒரு பெயர்கூட யோசித்து வைத்தேன். அந்தப் பெயரில் என் இனிஷியலும் இருந்தது. எனக்கு மேலே இருந்த மூத்தவர் என் வரைபடங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எழுந்து போய் ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவந்தார். இதையும் வைத்துப் பார் என்றார். வைத்தேன். அதே முகடு. துள்ளிக் குதிக்காத குறையாக, "இது எந்த ஊர்த் தண்ணி சார்?" என்று கேட்டேன்.

"ஜீப் பேட்டரிக்கு ஊத்த வச்சிருந்ததுப்பா."

காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் மட்கு ஏது? ஒளியைப் பாய்ச்சினால் தண்ணீரே அதில் கொஞ்சத்தைச் சிதறடித்து அனுப்பும். அந்தச் சிதறல்தான் என் மகத்தான முகடு. பாய்ச்சும் ஒளியின் அலைநீளத்தைக் கொஞ்சம் மாற்றியிருந்தால் முகடும் கூடவே நகர்ந்திருக்கும், குட்டு அன்றைக்கே வெளிப்பட்டிருக்கும். மூன்று வாரத்தில் ஒருநாள்கூட நான் அதை நகர்த்திப் பார்க்கவில்லை. நகர்ந்துவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆய்வுக்கூடத்திலிருந்து கேட்டார்கள். பேட்டரித் தண்ணீர்க் கதையை எழுதலாம், 'அந்த உப்பள விவகாரம்' மட்டும் வேண்டாம் என்று நயமாகச் சொன்னார்கள். பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இனிமேல் என்னை எங்கே மாற்றல் செய்வார்கள்? வீட்டுச் சமையலறைக்குத்தான் மாற்றலாம். அங்கே ஏற்கெனவே காய் நறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஆகவே உப்பள விவகாரத்தைத்தான் எழுதுகிறேன். பயப்படுகிறவர்கள் தாராளமாகப் பயந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் நம் தொழிலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மட்கு என்பது ஒற்றைப் பொருள் கிடையாது. இலை, வேர், பாசி, சேறு எல்லாம் அழுகிக் கலந்த ஒரு கூட்டம். அதைப் பிரித்து ஒவ்வொருவராக உட்காரவைத்து விசாரிக்க முடியாது. அதனால்தான் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்ப எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று பார்க்கிறோம். கல்யாண மண்டபத்து வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து, உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கிற வேலை இது. மரத்திலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்த பெரிய வளைய அமைப்புகள் வரைபடத்தின் வலப்பக்கம், நீலத்திலும் அதைத் தாண்டியும் ஒளிரும். புதிதாக அழுகும் புரதம், தீவனம், கழிவு இவை இடது ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவில் ஒளிரும். செருப்பை வைத்து ஆளை ஊகிக்கலாம். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக மட்டும் சொல்லக் கூடாது.

இனி உப்பளம்.

மரக்காணத்தில் உப்பங்கழியிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலை ஒட்டி ஒரு வரிசை உப்பளம் இருக்கிறது. அதில் குத்தகைக்கு எடுத்துப் பாத்தி கட்டியவர்களில் ஒருவர் திலகவதி. ஐம்பது வயது இருக்கும். வெயிலுக்குத் தலையில் துண்டு, காலில் பழைய சாக்ஸ், பேச்சில் உப்பைவிடக் காரம். அந்த வருடம் தை மாதம் புதுத் தண்ணீர் பாய்ச்சியதிலிருந்து அவர் பாத்தியில் உப்பு சரியாக விளையவில்லை. தண்ணீர் பழுப்பாக, தொட்டால் வழவழவென்று இருந்தது. விளைந்த கொஞ்சம் உப்பும் பொடிப்பொடியாக, அழுக்கு நிறத்தில். வாங்க வந்த வியாபாரி ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த வரிசை முழுக்க அதே கதை.

வாய்க்காலில் மேலே, கொஞ்ச தூரத்தில், அந்த வருடம்தான் புதிதாக ஓர் இறால் பண்ணை வந்திருந்தது. பண்ணையின் மதகு திறக்கும்போதெல்லாம் தண்ணீர் கெடுகிறது என்று உப்பளத்துக்காரர்கள் அதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். மழைக்குப் பிறகு ஏரியிலிருந்து இறங்கும் இயற்கையான பழுப்பு இது, எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்றது பண்ணை. யார் சொல்வது சரி என்று சோதித்துச் சொல்லும்படி அதிகாரியின் அலுவலகத்திலிருந்து நம் ஆய்வுக்கூடத்துக்கு எழுதினார்கள். ஆய்வுக்கூடம் என்னைக் கைகாட்டியது. மதகை அடைப்பதா வேண்டாமா என்பதை என் அறிக்கைதான் தீர்மானிக்கும். அடைக்காவிட்டால் திலகவதிக்கும் அந்த வரிசைக்கும் அந்தப் பருவத்தில் உப்பு கிடையாது. ஒரு பருவம் போனால் குத்தகையும் கைவிட்டுப் போகும்.

வாய்க்காலில் ஏறிய கடல் ஓதம் வடியும் நேரமாகப் பார்த்து, மதகுக்கு மேலே ஒரு குப்பி, கீழே ஒரு குப்பி, திலகவதியின் பாத்தியில் ஒரு குப்பி என்று எடுத்தேன். எடுக்கும்போதே எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வரப்பில் நின்றுகொண்டு, ஏரியில் நாணல் அழுகுவது, மட்கு கரைந்து வருவது, உலகத்தின் எத்தனையோ ஆறுகள் தேநீர் நிறத்தில் ஓடுவது என்று ஒரு பிரசங்கமே செய்தேன். மதகுக்கு மேலே எடுத்ததும் பழுப்புதான், கீழே எடுத்ததும் பழுப்புதான், பாருங்கள் என்று இரண்டு குப்பிகளையும் தூக்கிக் காட்டினேன். இது இயற்கையம்மா என்று முடித்தேன்.

திலகவதி இடுப்பில் கைவைத்து முழுவதையும் கேட்டார்.

"போன வருஷமும் மழை பேஞ்சுது சார். அப்ப உங்க இயற்கை லீவுல போயிருந்துச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல கேள்விக்குப் பதில் தெரியாதபோது சிரிப்பது என் நீண்டகாலப் பழக்கம்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்து மூன்று குப்பிகளையும் கருவியில் வைத்தேன். வலப்பக்கம் மட்கின் முகடு, கொழுகொழுவென்று. இடது ஓரத்தில் ஒன்றுமில்லை. மூன்றிலும் அப்படியே. நான் வரப்பில் நின்று என்ன சொன்னேனோ அதையே கருவியும் சொன்னது. இதைவிட என்ன வேண்டும்? 'நீரின் நிறத்துக்கு இயற்கையான மட்கே காரணம். புறக்கழிவின் தடயம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தை அன்றைக்குக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன். துறைத் தலைவர் படித்துவிட்டு, ரிப்போர்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும், சுத்தமாக இருக்கிறது என்றார்.

அந்தச் சுத்தம் பத்து நாள் தாங்கியது.

ஒரு மதியம் ஏதோ கல்லூரியிலிருந்து மாணவர்கள் கருவியைப் பார்க்க வந்தார்கள். நான் அப்போதுதான் சாப்பாட்டை முடித்திருந்தேன். சங்கரா மீன் குழம்பு. வேடிக்கை காட்டுவதற்கு உப்பளக் குப்பியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்தேன். மாதிரி ஊற்றும் சின்னக் கண்ணாடிக் குடுவையைக் கழுவினேன். கழுவிய தண்ணீரைக் கொட்ட வேண்டும் அல்லவா? பேச்சு சுவாரசியத்தில் கொட்டவில்லை. பாதிக்கு மேல் அது இருக்க, அதன் மேலேயே உப்பளத் தண்ணீரை விட்டு உள்ளே வைத்துவிட்டேன். உங்களில் யாராவது இதைச் செய்தால் காதைத் திருகியிருப்பேன்.

சுவரில் வரைபடம் விழுந்தது. குச்சியை வைத்து, இது மட்கு, இது மட்கு என்று வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டே போனவன், இடது ஓரத்தில் கழிவுகள் இருந்தால் இங்கே ஒன்று தெரியும், இந்தத் தண்ணீரில் கிடையாது என்று குச்சியை அங்கே கொண்டுபோனேன். குச்சி நின்றது. அங்கே ஒன்று இருந்தது. சின்னதாக, ஆனால் தெளிவாக.

முதலில் என் சந்தேகம் சங்கரா மீன் மேல்தான் போனது. மீன் குழம்புக் கையோடு குடுவையைத் தொட்டிருக்கிறேன், புரதம் ஒட்டியிருக்கிறது, வேறென்ன? மாணவர்களை அனுப்பிவிட்டு முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினேன். குடுவையைக் கழுவி, வெறும் தண்ணீர் வைத்துப் பார்த்தேன்; இடது ஓரம் சுத்தம். உப்பளத் தண்ணீரை அப்படியே வைத்தேன். இடது ஓரம் சுத்தம். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து வைத்தேன். சின்னதாக ஒரு மேடு. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தேன். முகடு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் ஊற்றினால் குறைய வேண்டியது ஏறுகிறது.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கும் அங்கேயே புரிந்தது. அடர்ந்த பழுப்புத் தண்ணீரில் நாம் பாய்ச்சும் ஒளியை, அதிலும் குறிப்பாகப் புற ஊதாவை, மட்கே வாசலில் மறித்துத் தின்றுவிடும். முதல் பந்தியிலேயே சோறு காலி. கடைசியில் உட்கார்ந்திருக்கும் புரதத்துக்கு இலைகூட வராது. தப்பித்தவறி அது கொஞ்சம் ஒளிர்ந்தாலும், அந்த ஒளி வெளியே வருவதற்குள் அதையும் மட்கு விழுங்கிவிடும். கணக்குப் போட்டுத் திருத்தலாம்தான். இவ்வளவு கறுத்த தண்ணீருக்கு அந்தத் திருத்தமும் நிற்காது. தண்ணீர் கலந்து நீர்த்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி. இதை முப்பது வருடமாக நான்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மதகுக்கு மேலே எடுத்த குப்பியையும் பத்து மடங்கு நீர்த்து வைத்தேன். இருபது மடங்கு நீர்த்தேன். இடது ஓரத்தில் ஒன்றும் இல்லை. கீழே எடுத்ததில் இருந்தது. திலகவதியின் பாத்தியில் இன்னும் அதிகமாக இருந்தது.

ஏன் நான் முதலிலேயே நீர்த்துப் பார்க்கவில்லை? தெரியாமல் இல்லை. நேரம் இல்லாமலும் இல்லை. எதிர்பார்த்த வரைபடம் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கை தானாக நின்றுவிட்டது. எதிர்பார்க்காதது வந்திருந்தால் நூறு சோதனை செய்திருப்பேன். நமக்குப் பிடித்த விடையைத்தான் நாம் குறைவாகச் சோதிக்கிறோம். இதைச் சுவரில் எழுதி மாட்டுங்கள் என்று சொல்ல மாட்டேன். மாட்டியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

உப்பளத்து மனுமேல் அதிகாரி நடத்தும் விசாரணை மறுநாளுக்கு அடுத்த நாள். வரைபடங்களை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குப் போனேன். அவர் மோசமானவர் கிடையாது. கருவிக்குப் பணம் கேட்டு அலைந்த அலைச்சலில் தலைமுடியை இழந்தவர். எல்லாவற்றையும் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு உடனே புரிந்தது. அதுதான் எனக்கு வலித்தது. புரியாமல் மறுத்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

"ரிப்போர்ட்டை இப்ப வாபஸ் வாங்கினா நம்ம லேப் பேரு என்ன ஆகும், யோசிச்சீங்களா?" என்றார். "ஒரு கரெக்ஷன் லெட்டர் போட்டுடலாம். மெதுவா."

மெதுவாக என்றால் எப்போது என்று கேட்டேன்.

"சீசன் முடியட்டும்."

சீசன் முடிந்தால் கரெக்ஷன் எதற்கு, அந்தக் கடிதத்தை உப்பளத்தில் நட்டால் உப்பு விளையுமா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. தப்பான அறிக்கை கொடுத்த ஆய்வுக்கூடம் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் பிறகு யாரும் நம்மிடம் குப்பியைக் கொடுக்க மாட்டார்கள் என்றார். தன் தப்பைத் தெரிந்தே மூடிவைக்கிற ஆய்வுக்கூடத்திடம் குப்பியைக் கொடுப்பவன்தான் முட்டாள் என்றேன். பேச்சு அதற்கு மேல் நல்லபடியாகப் போகவில்லை. விசாரணைக்கு ஆய்வுக்கூடத்தின் சார்பில் யாரும் போக வேண்டியதில்லை, அறிக்கையே போதும் என்று முடித்தார்.

நான் வெளியே வந்து ஒருநாள் தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன். என் தப்பைவிடச் சொந்தமானது எனக்கு என்ன இருக்கிறது?

போகும் வழியில் கோட்டக்குப்பத்தில் வண்டியை நிறுத்தி, எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை பாயிடம் கள்ள நோட்டுப் பார்க்கும் சின்ன ஊதா விளக்கை இரவல் கேட்டேன். "எதுக்கு சார், எவனாவது ஏமாத்திட்டானா?" என்றார். ஆமாம் பாய், நான்தான் என்றேன். இன்ஷா அல்லா சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தார்.

விசாரணை நடந்த கூடத்தில் மின்விசிறிகள் சத்தத்தை மட்டும் தந்துகொண்டிருந்தன. முன்னால் அதிகாரி, என் மகள் வயதுதான் இருக்கும். ஒருபக்கம் பண்ணையின் ஆலோசகர், கண் கூசும் வெள்ளைச் சட்டையில். மறுபக்கம் திலகவதியும் அவர் வரிசைக்காரர்களும். நான் கடைசி நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆலோசகர் என் அறிக்கையை வாசித்தார். வாசிப்பதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். இந்தக் கடற்கரையில் மட்கைப் பற்றி இவரைவிட அறிந்தவர் கிடையாது, முப்பது வருட அனுபவம், பழுத்த நிபுணர் என்றார். வாழ்நாளில் என்னை இவ்வளவு புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான். என் மனைவி கேட்டிருந்தால் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்ட மனிதரை மறுத்துப் பேச எழுந்திருக்கும்போது எனக்கு நிஜமாகவே மனசில்லை.

"மேடம், அந்த நிபுணர் நான்தான். அந்த ரிப்போர்ட் தப்பு."

ஆலோசகர் என்னை முதல் தடவையாகப் பார்த்தார். பழுத்த நிபுணரை அவர் வேறு மாதிரி கற்பனை செய்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் சார்பில் வந்திருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை, விடுப்பில் வந்திருக்கிறேன் என்றேன். எந்த வரி தப்பு என்றார். கடைசி வரி என்றேன். நீர்த்துப் பார்க்காமல் எழுதிவிட்டேன், அது எம்.எஸ்சி. முதல் வருடத்தில் செய்யக்கூடிய பிழை என்பதையும் நானே சொல்லிவிட்டேன். ஆலோசகர் சொல்ல எடுத்துவைத்திருந்த வாக்கியம் அது. பாவம், கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்.

அதிகாரிக்குப் புரிய வேண்டுமே என்று பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்றில் உப்பளத் தண்ணீர் அப்படியே, மற்றதில் நீர்த்தது. ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி விளக்கை அணைத்தேன். ஊதா விளக்கை அடித்தேன். கறுத்த குப்பியில் ஒளி ஓரத்திலேயே செத்தது. நீர்த்த குப்பி உள்ளே முழுக்க நீலமாக ஒளிர்ந்தது. இதுவரை என் வாழ்வில் எந்தச் சோதனையும் இவ்வளவு அழகாக வந்ததில்லை. அந்த மகிழ்ச்சியில் கையை ஆட்டிப் பேசினேன். விளக்கு ஆலோசகர் பக்கம் திரும்பியது. அவர் சட்டை இரண்டு குப்பிகளையும் சேர்த்து வைத்ததைவிடப் பிரகாசமாக, திருவிழாச் சீரியல் பல்பு மாதிரி ஒளிர்ந்தது.

உப்பளத்துக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அதிகாரியே வாயைக் கையால் மூடிக்கொண்டார். நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். ஆலோசகர் கெட்டிக்காரர். விளக்குப் போட்டதும் நிதானமாகக் கேட்டார்: சட்டையில் ஒளிர்வது என்ன? துணி சோப்பில் இருக்கும் வெண்மைப் பொருள் என்றேன். அப்படியானால் வாய்க்காலில் ஒளிர்வதும் யாரோ துணி துவைத்த சோப்பாக இருக்கலாம் அல்லவா?

சிரிப்பு நின்றது. வேடிக்கை காட்டப் போய் அவர் கையில் நானே கட்டையை எடுத்துக் கொடுத்திருந்தேன். இந்த விளக்கு பார்வைக்குத்தான், இதில் தெரியும் நீலம் மட்கினுடையது, வழக்குக்குக் காரணமானது கண்ணுக்கே தெரியாத இன்னொரு ஒளிர்வு என்று ஒத்துக்கொண்டேன். வரைபடத்தைக் கொடுத்தேன். சோப்பு ஒளிர்வது மட்கு இருக்கும் பக்கம். நான் சொல்வது எதிர்ப்பக்கத்து ஓரம், இரண்டும் ஒன்றாக முடியாது என்றேன். அதிகாரி விரலை வைத்துப் பார்த்தார். தலையசைத்தார்.

ஆலோசகர் அடுத்ததைக் கேட்டார். இதற்குத்தான் அவர் வந்திருக்கிறார் என்று தோன்றியது.

"சரிங்க. அந்த ஓரத்துல இருக்கறது எங்க பண்ணைத் தீவனந்தான்னு நீங்க அடிச்சுச் சொல்ல முடியுமா?"

திலகவதி என்னைப் பார்த்தார். அந்த வரிசையே என்னைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு சொல். சொல்லியிருந்தால் யாரும் என்னை மறுத்திருக்க முடியாது. பழுத்த நிபுணர் என்று அவரே சான்றிதழ் கொடுத்திருந்தார். என் மனசுக்குள்ளும் அது தீவனம்தான். நான் செய்த தப்புக்குப் பரிகாரமாக இந்த ஒரு சொல்லைக் கொடுத்துவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது.

ஆனால் பாசி செத்தாலும் அந்த இடத்தில் ஒளிரும். கிருமிகள் பெருகினாலும் ஒளிரும். பத்து நாளுக்கு முன் தெரியாததைத் தெரிந்தது போல எழுதியவன், இன்றைக்கு அதையே நல்ல பக்கத்துக்காகச் செய்தால் நல்லவனாகிவிடுவேனா?

"முடியாதுங்க," என்றேன். "மதகுக்கு மேல இல்ல. மதகுக்குக் கீழ இருக்குது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னா அது மறுபடியும் தப்பு ரிப்போர்ட்டு."

ஆலோசகர் புன்னகையோடு உட்கார்ந்தார். உப்பளத்துப் பக்கம் யாரோ 'தூ' என்றது கேட்டது. எனக்காகத்தான். அதை வாங்கிக்கொண்டு நின்றேன். நீங்களும் ஒருநாள் வாங்குவீர்கள். சரியானதைச் சொன்னால் கைதட்டுவார்கள் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் வேலையே பார்த்ததில்லை.

அப்போது திலகவதி எழுந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதிகாரியிடம் பேசினார்.

"ஏம்மா, மேல இல்லாதது கீழ வந்துச்சுன்னா, நடுவுல என்ன இருக்குது? நீங்களே வந்து பாருங்க."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். நடுவில் மதகைத் தவிர வேறு ஏதாவது வாய்க்காலில் வந்து சேர்கிறதா என்று ஆலோசகரிடம் கேட்டார். ஆலோசகர் கோப்பைப் புரட்டினார். நிறையப் புரட்டினார். இல்லை என்றார். வேறொரு ஆய்வுக்கூடம் நீர்த்துச் சோதித்துச் சொல்லும்வரை மதகைப் பலகை போட்டு அடைத்து முத்திரை வைக்க அன்றைக்கே உத்தரவானது.

மறுநாள் என் மேசையில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் இருந்தது. அனுமதியில்லாமல் ஏன் போனீர்கள்? விடுப்புக்கு அனுமதி வாங்கித்தான் போனேன் என்று நகலை இணைத்துப் பதில் எழுதினேன். துறைத் தலைவர் நான் ஓய்வு பெறும்வரை என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. என் வேலையின் லட்சணத்தைப் பார்த்தால் அது வேறு காரணத்துக்காகவும் வராமல் இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன், குப்பிகள் வருவது நிற்கவில்லை. மற்ற ஆய்வுக்கூடமும் நீர்த்துப் பார்த்து, மதகுக்குக் கீழே மட்டும் அது இருக்கிறது என்றே எழுதியது. அந்தப் பருவம் முழுக்க மதகு திறக்கவில்லை.

இதில் பாடம் என்ன என்று கேட்பீர்கள். எல்லாரும் தப்புச் செய்வோம், பரவாயில்லை என்று ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. பரவாயில்லை என்பது தப்பு செய்தவன் சொல்லிக்கொள்கிற சொல். பாத்தியில் நிற்பவருக்குப் பரவாயில்லாமல் இல்லை. உங்களிடமும் ஒருநாள் மெதுவாக என்பார்கள். சீசன் முடியட்டும் என்பார்கள். ஆய்வுக்கூடத்தின் பெயரைச் சொல்வார்கள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். விடுப்புக் கணக்கில் ஒருநாள் குறையும், அவ்வளவுதான். உலகம் உங்களை என்ன செய்துவிடும்?

பங்குனிக் கடைசியில் மரக்காணம் பக்கம் வேறு வேலையாகப் போனேன். வேறு வேலை என்று சொல்வது பொய். உப்பைப் பார்க்கத்தான் போனேன். மழைப் பழுப்பும் வடிந்து, வழவழப்பும் போய், பாத்தியில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. திலகவதி நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை வரப்போரம் இழுத்துக்கொண்டிருந்தார். கல் கல்லாக, வெள்ளையாக இருந்தது. தையில் போன உப்பு போனதுதான். மீதிப் பருவம் தப்பியது. பக்கத்துப் பாத்தியில் லாரிக்காக மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வரப்பில் நின்றேன். வாங்க என்றார், பலகையை நிறுத்தவில்லை. நானாகப் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோனேன். தலைவர் பேசுவதில்லை என்பதைச் சொன்னேன். கடிதம் வந்ததைச் சொன்னேன். பதவி உயர்வைப் பற்றியும் ஜாடையாகச் சொன்னேன். அவர் உப்பை இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு நல்ல வார்த்தைக்காக வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டுவிட்டேன்.

"அத்தனை பேருக்கு முன்னால என் ரிப்போர்ட்டு தப்புன்னு நானே எழுந்து சொன்னேனேம்மா, அதப் பத்தி என்ன நெனக்கிறீங்க?"

"செஞ்சது நீங்க, வேற யாரு வந்து சொல்லுவாங்க?"